மகனின் போனில் 'ஃபிட்', 'வீல்', 'கியர்': இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. மெல்பேர்னில் படித்து, அங்கேயே வேலை செய்கிறான். மகளின் கலியாணத்துக்காக வந்து 10 நாளாகிறது. வந்த மறுநாளே படுத்தவன் நாலு நாள் எழும்பவில்லை. சத்தி, வயிற்றோட்டம், மூக்கால் தண்ணீர், கால் உளைவு. பயணக் களைப்பு என்றான். பிறகு அவனுடைய போனில் சிநேகிதனோடு கதைத்ததைப் பார்த்துவிட்டேன். ஃபிட், பேரல், ஸ்பூன், வீல், டை, கியர், பொயின்ற் என்று ஏதேதோ இருந்தது. சூட்கேசுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் ஊசிகள். அவனுக்கு நீரிழிவு இல்லை. இன்னும் இரண்டு கிழமையில் திரும்பப் போகிறான். இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம்? பெட்டியைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிடவா? அவனுடைய அப்பாவிடம் சொல்லவா, பொலிசில் சொல்லவா? (ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை)

பதில்:

அன்புள்ள அம்மா,

பெட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். எறிய வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் நீங்கள் கேட்ட சொற்களைப் பார்ப்போம்.

'ஃபிட்' என்பது அவுஸ்திரேலியாவில் போதை ஊசி போடுகிறவர்கள் சிரிஞ்சுக்கு வைத்திருக்கும் பெயர். 'அவுட்ஃபிட்' என்பதன் சுருக்கம். அநேகமாக 1 மில்லிலீற்றர் இன்சுலின் சிரிஞ்சு: மெல்லிய குழாய், அதன் மேல் 100 வரை அளவுக் கோடுகள், கழற்ற முடியாத நுண்ணிய ஊசி, ஊசிக்கு மேல் பெரும்பாலும் செம்மஞ்சள் மூடி. நீங்கள் கண்ட பெட்டியை 'ஃபிட்பேக்' என்பார்கள். புதிய சிரிஞ்சுகள் ஒரு பக்கம் இருக்கும், பாவித்தவற்றைத் திரும்ப எடுக்க முடியாதபடி போட இன்னொரு பக்கம் இருக்கும். அந்த நாட்டில் 1986இல் சிட்னியில் தொடங்கி, சுத்தமான ஊசி கொடுக்கும் நிலையங்கள் எல்லா மாநிலங்களிலும் நடக்கின்றன. பெயர் கேட்காமல் கொடுப்பார்கள். ஆகவே அந்தப் பெட்டி களவுச் சாமான் அல்ல, ஒரு சுகாதாரச் சேவை கொடுத்த பொருள்.

'பேரல்' என்றால் சிரிஞ்சின் உடற்பகுதி. ஊசியைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகைக்குத்தான் இந்தப் பெயரை அதிகம் பாவிப்பார்கள். அதில் மாட்டுகிற ஊசி 'டிப்'. 'ஸ்பூன்' என்பது பொடியைக் கரைக்கும் பாத்திரம். வீட்டுக் கரண்டியாக இருந்தால் அடிப்பக்கம் கறுத்துப்போயிருக்கும், நிலையத்தில் கொடுப்பது சின்ன அலுமினியக் கிண்ணம். 'வீல்' ஒரு வடிகட்டி. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிய, வட்டமான பிளாஸ்டிக் வில்லை, நடுவே மென்படலம். கரையாத துகள்களைத் தடுப்பதற்கு. 'டை' என்பது கையில் கட்டும் ரப்பர் பட்டி. இரத்தம் எடுக்கும்போது தாதி கட்டுவாரே, அதுதான். 'ஸ்வாப்' என்ற சொல்லும் எங்காவது கண்ணில் பட்டிருக்கும். தோலைத் துடைக்கும் அல்ககோல் தாள்.

இதே சாமான்களுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். உங்கள் சொந்தக்காரர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எல்லாச் சாமானையும் சேர்த்து 'வேர்க்ஸ்', ஊசியை மட்டும் 'பின்' அல்லது 'ஸ்பைக்'. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிரிஞ்சு 'ரிக்', கரைக்கும் பாத்திரம் 'குக்கர்', வடிகட்டும் பஞ்சு 'கொட்டன்'. பாவித்த ஊசிகள் போடும் மஞ்சள் டப்பாவுக்கு 'ஷார்ப்ஸ் பின்' என்று பெயர். இங்கே வைத்தியசாலை வார்ட்டிலும் அதைக் கண்டிருப்பீர்கள்.

நீங்கள் எழுதிய சொற்களில் இரண்டு சாமானைக் குறிப்பவை அல்ல. 'கியர்' என்பது மெல்பேர்னிலும் லண்டனிலும் பெரும்பாலும் ஹெரோயின். 'பொயின்ற்' அவுஸ்திரேலியாவில் ஓர் அளவு, ஒரு கிராமில் பத்தில் ஒன்று, அதாவது 0.1 கிராம். அமெரிக்காவில் அதே சொல் ஊசியையும் குறிக்கும். எனவே யார், எந்த நாட்டில் எழுதியது என்று தெரியாமல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது. இன்றைய இளம் பிள்ளைகள் 'ஃபிட்' என்று உடுப்பையும் சொல்வார்கள். கடலில் பலகை ஏறி அலைச்சறுக்குகிறவர்களுக்கு 'பேரல்' என்றால் அலை சுருண்டு குகைபோல் வளைவது. 'ரிக்' கஞ்சா புகைக்கும் கண்ணாடிக் குழாயாகவும் இருக்கலாம். ஊசியைக் கண்டால்கூட, வீட்டில் நீரிழிவுக்காரர் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் விடயத்தில் ஒரு சொல் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். சொற்கள், பெட்டி, அந்த நாலு நாள் படுக்கை, மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஹெரோயினை நாள்தோறும் எடுக்கிற ஒருவர் நிறுத்தினால் 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடல் சிலிர்க்கும். 2ஆம், 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போகும்: சத்தி, வயிற்றோட்டம், கால் உளைவு, நித்திரையின்மை. 5 நாள், ஒரு கிழமைக்குள் உடம்பு தேறிவிடும். நீங்கள் எழுதியது கிட்டத்தட்ட இதே ஒழுங்கு. நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படியே எண்ணிக்கொண்டு நடப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

பெட்டியை ஏன் எறியக்கூடாது என்பதற்கு வருகிறேன். சுத்தமான ஊசி, வடிகட்டி, துடைக்கும் தாள் எல்லாவற்றையும் ஒருவன் கூடவே வைத்திருக்கிறான் என்றால், நோய் வராமல் பார்த்துக்கொள்ள முயல்கிறான் என்று அர்த்தம். நீங்கள் அதை எடுத்து எறிந்தால் அவனுடைய தேவை போகாது, பாதுகாப்பு மட்டும்தான் போகும். ஆசை எழுந்த ஒரு நாளில் வேறொருவரின் ஊசியை வாங்குவான். அப்படிக் கைக்கு வருவது பெரும்பாலும் ஊசியைக் கழற்றும் 2 அல்லது 5 மில்லிலீற்றர் சிரிஞ்சாக இருக்கும். அந்த வகையில் தண்டை முழுக்க அழுத்திய பிறகும் ஊசியின் கழுத்தில் கொஞ்சம் திரவம் தங்கும், அதில் இரத்தமும் கலந்திருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது அதைவிட மிகமிகக் குறைவு. ஒரே ஊசியை இரண்டு பேர் பாவித்தால், கழற்றும் வகை அதிக வைரசைக் கடத்துவது இதனால்தான்.

ஊசியை மட்டும் பார்த்தாலும் போதாது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருந்ததாக ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். 'நான் ஊசியைப் பங்கிடுவதில்லை' என்று உண்மையாகவே சொல்கிற பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. கரண்டி, பஞ்சு, கரைக்கும் தண்ணீர், கையில் கட்டும் பட்டி, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பங்கிட்டிருப்பார்கள். ஒருவர் பாவித்த ஊசி அந்தத் தண்ணீரில் ஒரு தடவை பட்டாலே போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் அதில் இறங்கிவிடும். ஆகவே மகனிடம் 'ஊசியைப் பங்கிட்டாயா' என்று மட்டும் கேட்காமல், 'கரண்டி, தண்ணி எல்லாம் தனியாவா வைச்சிருக்கிறாய்?' என்றும் கேட்க வேண்டும். இந்தச் சொற்களை நீங்கள் படித்துக்கொள்வதன் பயனே அதுதான். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். ஹெப்படைட்டிஸ் சி இன்று 8 முதல் 12 கிழமை மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முற்றாகக் குணமாகிற நோய். ஹெப்படைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் இலங்கையில் அது குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது 2003இல். உங்கள் மகன் அதற்கு முன் பிறந்தவன், பின்னால் போட்டிருந்தால் ஒழிய அந்தப் பாதுகாப்பு இருக்காது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இரகசியமாகச் செய்வார்கள். ஹெப்படைட்டிஸ் பற்றியும் அங்கேயே கேட்கலாம். நிலையத்தின் பெயரைப் பார்த்து யாரும் கூச வேண்டாம்.

தனியாகக் கிடக்கிற பாவித்த ஊசி ஒன்றைக் கண்டால், அது அலுமாரிக்குள் இருந்தாலும் சரி, டச்சுக்குடாக் கரை மணலில் இருந்தாலும் சரி, மூடியைத் திரும்ப மாட்ட முயலாதீர்கள். அந்த நேரத்தில் ஊசி எளிதாகக் குத்திவிடும். சலவைத் திரவம் வருகிற தடித்த பிளாஸ்டிக் போத்தலை எடுத்து நிலத்தில் நிற்க வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். ஊசியைத் தண்டுப் பக்கமாக, முடிந்தால் இடுக்கியால் எடுத்து, கூர் கீழே இருக்கும்படி உள்ளே போடுங்கள். முக்கால்வாசி நிறைந்தால் போதும். மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி, திறக்க வேண்டாம்' என்று எழுதி வைத்தியசாலையில் கேட்டு ஒப்படையுங்கள். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, ஊசி துளைத்துக்கொண்டு வெளியே வரும். குப்பைப் பையில் போட்டால் அதை வெறுங்கையால் தூக்குகிற தொழிலாளிக்குக் குத்தும். கடலில் எறிந்தால் அலை கரைக்கே கொண்டுவரும், அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகிறார்கள்.

தவறிக் குத்திவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ, வாயால் உறிஞ்சவோ, பிளீச் ஊற்றவோ வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவாகத் தொடங்க முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாள் எடுக்க வேண்டும். அதற்காகப் பதற வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு 1000 தடவைக்கு 3 அளவுதான்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. உங்கள் மகன் நாலு நாள் படுத்து எழும்பியது நல்ல செய்தி மாதிரித் தெரியும். ஆனால் அந்த எழும்பல்தான் இப்போது அவனுடைய உயிருக்கு வினை. நாள்தோறும் எடுக்கும்போது உடம்பு ஓர் அளவுக்குப் பழகியிருக்கும். சில நாள் விட்டாலே அந்தப் பழக்கம் இறங்கிவிடும், இரண்டு கிழமை, மூன்று கிழமை விட்டால் நன்றாகவே இறங்கிவிடும். மனதுக்கோ பழைய அளவுதான் நினைவிருக்கும். மெல்பேர்னில் இறங்கிய அன்றிரவு, தனி அறையில், முந்தி எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும் சிகிச்சை நிலையத்திலிருந்து வந்தவர்களும் முதல் இரண்டு கிழமையில் இறந்துபோவது இதனால்தான். இதை அவன் விமானம் ஏறமுன் காதில் போட்டே ஆக வேண்டும்.

இங்கே இருக்கும்போதும் நடக்கலாம். நம் ஊரில் 'குடு', 'தூள்' என்று விற்கிற ஹெரோயினைப் பெரும்பாலானோர் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையாக இழுக்கிறார்கள். சிகரட் பெட்டித் தாள், லைட்டர், சுருட்டிய நோட்டு, இவைதான் இங்கத்தைய சாமான். ஊசிக்குப் பழகியவன் அதே தூளை ஊசியில் ஏற்றப் பார்ப்பான். இதற்குத் தேசிக்காய்ச் சாற்றைப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாற்றில் வளர்கிற பூஞ்சணம் இரத்தத்தோடு கண்ணுக்குப் போய்ப் பார்வையையே பறித்திருக்கிறது. 

அதிகமாக எடுத்துவிட்டால் அடையாளம் இவை: கூப்பிட்டாலும் நெஞ்செலும்பில் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் எழும்பமாட்டான். மூச்சு மெதுவாகி நடுவே நிற்கும், அல்லது தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற குறட்டை வரும். கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கியிருக்கும். நம்முடைய நிறத்துக்கு உதடு நீலமாவது வெளியே தெரியாது. உதட்டின் உட்பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள், சாம்பல் பூத்திருக்கும். அந்தக் குறட்டையை 'நல்லா நித்திரை கொள்ளுறான்' என்று விட்டுவிடுகிற வீடுகளில்தான் விடியும்போது பிள்ளை இருப்பதில்லை. உடனே அம்புலன்ஸ் சேவையின் 1990க்கு எடுத்து 'மூச்சு இல்லை' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 செக்கனுக்கு ஒரு தடவை ஊதுங்கள். நெஞ்சு உயர வேண்டும். தானாக மூச்சு விடத் தொடங்கினால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், சத்தி எடுத்தால் மூச்சுக் குழாய்க்குள் போகாது. மோர், தேசிக்காய்த் தண்ணீர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக்கூடாது. குளிக்க வார்க்கக்கூடாது. வைத்தியசாலையில் ஹெரோயினின் வேலையை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் சில நிமிடத்தில் எழும்பிவிடுவான். அந்த மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், ஹெரோயின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். எழும்பிவிட்டான் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

காய்ச்சலையும் சொல்ல வேண்டும். இங்கே காய்ச்சல் என்றதும் டெங்கு என்று நினைத்துப் பனடோல் கொடுப்போம். ஊசி போடுகிறவருக்குப் பழைய பஞ்சிலிருந்து ஒரு காய்ச்சல் வரும். 'கொட்டன் ஃபீவர்' என்பார்கள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் நடுக்கத்தோடு தொடங்கி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் போய்விடும். ஆனால் அதே காய்ச்சல் இதய வால்வில் கிருமி தங்கியதாலும் வரும். அது ஆளைக் கொல்லும். வீட்டிலிருந்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், ஊசி போட்ட இடம் சூடாகச் சிவந்து வீங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசி போட்டது என்பதை மறைக்காதீர்கள். அதை மறைத்தால் வைத்தியர் டெங்குவைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

எப்படிக் கதைப்பது? கலியாண வீட்டில், மாமா மச்சான் நிற்கிற இடத்தில் வேண்டாம். பின்னேரம் கடற்கரைப் பக்கம் இரண்டு பேரும் நடந்துபோகலாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, சொல்ல முடியாததையும் சொல்ல வரும். முதலில் உங்கள் பிழையைச் சொல்லுங்கள்: 'மகன், உன்ர போனை நான் பாத்திட்டன். கேக்காமல் பாத்தது பிழை. பெட்டியையும் கண்டனான், எடுக்கேல்ல, அங்கயேதான் இருக்கு.' அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பெட்டியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். 'ஏன் இப்படிச் செய்தாய், என்ன குறை வைச்சனாங்கள்' என்று தொடங்கினால் அவன் வாயைத் திறக்கமாட்டான். 'இப்ப உடம்புக்கு எப்பிடி இருக்கு? கடைசியா எப்ப எடுத்தனி?' என்று கேளுங்கள். சொன்னால் அழுங்கள், பரவாயில்லை. சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். கோணேசர் முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு ஒருநாள் தவறினால், அதற்குப் பிறகு உங்களிடம் உண்மை சொல்ல அவனுக்கு முகம் இருக்காது.

அப்பாவிடம் சொல்வது மகனுக்குத் தெரிந்தே நடக்கட்டும். அவர் கை நீட்டுகிறவர் என்றால் கலியாணம் முடியும்வரை பொறுங்கள். பொலிசுக்குப் போக வேண்டாம், இது நோய்க்குப் போகிற இடத்துக்குப் போக வேண்டிய விடயம். ஆனால் அந்தப் பெட்டியில் பொடி இருந்தால் கதை வேறு. இலங்கைச் சட்டத்தில் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் சுத்த ஹெரோயின் கையில் இருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம், குறைந்த அளவும் குற்றமே. வீட்டில் ஒரு துளியும் இருக்கக்கூடாது, விமான நிலையத்துக்கு ஒரு துளியும் போகக்கூடாது என்று அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927ஐ அழைக்கலாம். மனம் உடைந்து தனக்கு ஏதாவது செய்துகொள்வான் என்ற பயம் இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. உங்களுக்கே ஆறுதல் தேவைப்பட்டாலும் அதே இலக்கம்தான்.

அவன் திரும்பிப் போகமுன் ஒரு வேலை செய்விக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் நலொக்சோனை மருந்துச் சீட்டு இல்லாமல், காசு இல்லாமல், திட்டத்தில் சேர்ந்த மருந்தகங்களில் கொடுக்கிறார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் வருகிறது. இறங்கிய அன்றே ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாது என்பதால், அது எங்கே இருக்கிறதென்று கூட இருக்கிறவருக்குத் தெரிய வேண்டும். தனியாக எடுக்காதே என்று நீங்கள் சொல்வது, எடு என்று அனுமதி கொடுப்பதாகாது. மெல்பேர்ன் வடக்கு ரிச்மண்டில் 2018இலிருந்து, ஊசி போடுகிறவர்களைத் தாதிமார் பக்கத்தில் நின்று கண்காணிக்கும் நிலையம் ஒன்று நடக்கிறது, சிகிச்சைக்கு வழிகாட்டுவதும் அங்கேயே. கிழமைக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை தோலின் கீழ் போடும் புப்ரெனோர்ஃபின் என்ற மருந்து ஹெரோயின் ஆசையை அடக்கும், வேலைக்கும் போகலாம். எந்த மருந்தகம், எந்த நிலையம் என்று உங்களோடு பக்கத்தில் இருந்து அவனே போனில் தேடி, ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைக்கட்டும். போய் இறங்கியதும் அந்த ஸ்ப்ரேயைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.